திரைச்சீலைக்குப் பின்னால் கிளிங்கன்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரு நண்டு வளையை விட்டு வெளியே வந்தால், பிரதான வீதிக்கு இந்தப் பக்கம் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் சல்மா உம்மா தலையை நிமிர்த்தாமலே சொல்லுவார்: "பொட்ட நண்டு. வயித்தில முட்ட இரிக்கி." இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன். அந்த நண்டு எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தது என்பதும் அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்லுவார். கேட்கத்தான் ஆளில்லை.

அந்தக் காதால் அவர் சாதித்தவற்றுள் பெரியது, கிளிங்கன் மொழியின் வினைச்சொற்களை ஒரு பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே பிழையறக் கற்றுக்கொண்டதுதான். கிளிங்கன் எந்த நாட்டிலும் பிறந்த மொழியல்ல. வானத்துக்கு அப்பால் வாழும் போர்வீரர்கள், நெற்றியிலே வயல்வரப்புப் போல மேடு மேடாகக் கொண்டவர்கள், ஒரு வெளிநாட்டுத் திரைக்கதையில் பேசுவதற்காக மொழியறிஞர் ஒருவர் உட்கார்ந்து ஆக்கிய மொழி அது. தொண்ணூறுகளில் அதை மூச்சுமுட்டப் படித்த வெள்ளைக்காரர் உலகத்தில் ஆங்காங்கே இருந்தார்கள். கல்முனைக் கரையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆள் இருப்பது மற்ற இருவருக்கும் தெரியாது.

சல்மா உம்மா இளவயதிலேயே கணவரை இழந்தவர். அயல் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தும், ஓலைக்கூரையின் கீழே உரலில் மாவிடித்து இடியப்பம் அவித்துக் கொடுத்தும், இரண்டு பெண்மக்களை ஆளாக்கினார். மூத்தவள் சித்தி லைலா. இளையவள் றம்ஸியா, ஆசிரியப் பயிற்சி முடித்தவள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூத்தவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை மீராசாஹிபு அப்படித்தான் அந்த வீட்டுக்கு வந்தார். மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை என்பது அவர்களுடைய குடும்பத்தில் கல்லில் வெட்டிய வழக்கம். ஒரே வீட்டில், ஒரே கிணற்றில், ஒரே சட்டிச் சோற்றில் இருந்துகொண்டு, சல்மா உம்மா மருமகனுக்கு ஒரு சொல்லும் நேரே சொன்னவரல்ல. "மகள், அவர் சாப்பிட்டாராமா கேளு" என்பார். மருமகன் இரண்டு முழத் தூரத்தில்தான் இருப்பார். லைலா திரும்பிக் கேட்பாள். அவர் பதில் சொல்லுவார். லைலா மீண்டும் திரும்பி உம்மாவுக்குச் சொல்லுவாள். ஒரு வாய்ச் சோற்றுக்கு இவ்வளவு போக்குவரத்து.

மீராசாஹிபு சவூதியில் தமாம் பக்கம் ஓர் அமெரிக்க இஞ்சினியருக்குச் சாரதியாக இருந்தவர். அந்த இஞ்சினியருக்குக் கிளிங்கன் பைத்தியம். பாலைவன வீதியில் மணிக்கணக்காக ஓடும்போது அவருக்குக் கதைத்துப் பழக ஓர் ஆள் வேண்டும், காருக்குள் மீராசாஹிபுவை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர் கிளிங்கனில் குதிரையாக ஓடினார். காரணம் இருக்கிறது. அந்த மொழியில் வினைச்சொல்தான் ராஜா. அதற்கு முன்னால் ஒட்டுகிற குட்டி அசை, செய்கிறவர் யார் என்று சொல்லும். பின்னால் ஒட்டுகிறவை, மறுப்போ, மரியாதையோ, கேள்வியோ, பள்ளிவாசலில் தொழுகைச் சப்பில் நிற்பதுபோல வரிசை பிசகாமல் நிற்கும். எங்களுக்கு இது புதினமா? 'சாப்பிட்டீங்களா' என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் சோறும் மரியாதையும் கேள்வியும் அடுத்தடுத்து நிற்கிறதே. கேள்வியின் வால் இங்கேயும் 'ஆ', அங்கேயும் 'ஆ'. தொண்டையின் அடியிலிருந்து எழுப்ப வேண்டிய ஓசைகளுக்கு வெள்ளைக்காரர் இருமிச் சாவார்களாம். சின்ன வயதிலே அரபு எழுத்துப் படித்த தொண்டைக்கு அதுவும் பழக்கமான பாதைதான்.

வளைகுடா யுத்தத்தோடு மீராசாஹிபு ஊர் திரும்பினார். ஒரு வேன் வாங்கிக் கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் இடையே ஓட்டினார். வேனுக்குள் பெற்றோலை விடக் கதைதான் அதிகம் எரிந்தது. ஒட்டகப் பந்தயத்தில் ஒட்டகத்தையே தோளில் தூக்கிக்கொண்டு ஓடி இரண்டாம் இடம் வந்ததாகச் சொன்னார். ஒரு ஷேக்குடைய வல்லூறு தனக்கு ஸலாம் சொன்னதாகச் சொன்னார். சல்மா உம்மா ஒருநாள் இடியப்பம் வாங்க வந்த பெண்களிடம், "எங்கட வீட்டுப் புழுகன் வேனெடுத்துட்டுப் போயிட்டார்" என்று சிரிக்கச் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. மறுநாள் மருதமுனையில் இருந்தவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

வீட்டுக்குள் புருஷன் பெண்சாதி தனியாகக் கதைக்க இடமில்லை. பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் சல்மா உம்மாவின் காது. எனவே மீராசாஹிபு லைலாவுக்குக் கிளிங்கன் சொல்லிக்கொடுத்தார். போர்வீரர்கள் மரியாதை ஒட்டைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லையாம், சேர்க்காவிட்டால் குற்றமுமில்லையாம். ஆனால் லைலாவுக்கு அது இல்லாமல் புருஷனிடம் வாய் வராது. ஆகவே "சாப்பிட்டீங்களா?" என்பதற்கு, 'நெஷ்' என்ற மரியாதையும் சேர்த்து, "பிஷோப்நெஷ்ஆ?" என்று கேட்கப் பழகினாள். உலகத்திலேயே மிக மரியாதையான கிளிங்கன் சாய்ந்தமருதிலேதான் பேசப்பட்டது என்று நான் அடித்துச் சொல்லுவேன்.

முதல் நாள் தட்டிக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்ட சல்மா உம்மா பதறிப்போனார்.

"என்னகா புள்ள, ரெண்டு பேருக்கும் தொண்ட கட்டிரிக்கா? இந்தா, கொத்தமல்லித் தண்ணி. சுடச்சுடக் குடி. அவருக்கும் குடு."

மறுநாளும் கொத்தமல்லித் தண்ணீர். அதற்கு மறுநாளும். தொண்டை கட்டியவர்கள் இடையிடையே சிரிக்கிறார்களே என்று அவருக்கு யோசனை போனது. அதற்குப் பிறகு கொத்தமல்லியை நிறுத்திவிட்டுக் காதை வைத்தார். 'ஆ' என்று முடிந்தால் மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறது, ஆகவே அது கேள்வி. 'ஜி' என்று தொடங்கினால் மருமகன் தன்னைப் பற்றிக் கதைக்கிறார். ஒரு சொல்லுக்குப் பிறகு கதவு சாத்துகிற சத்தம், இன்னொரு சொல்லுக்குப் பிறகு செம்பு வைக்கிற சத்தம். பெயர்ச்சொற்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஒரு மாமியாருக்கு வேண்டியது யார் என்ன செய்தார், யார் என்ன செய்யப்போகிறார் என்பதுதான். அதெல்லாம் வினைச்சொல்லுக்குள்ளே இருக்கிறது.

அவரைப் பற்றி அவர்கள் அடிக்கடி சொன்ன சொல் ஒன்று இருந்தது. "உம்மாக்குக் கேக்கப்போகுது" என்று லைலா தமிழில் பயப்படுவாள். மீராசாஹிபு சிரித்துக்கொண்டு "யஜ்பெ" என்பார். அவவுக்கு விளங்காது என்று பொருள். அந்தச் சொல்லைப் பிரித்து மேய்ந்து அறிந்துகொண்ட அன்று சல்மா உம்மா தேங்காயை உடைத்த வேகத்தில் கத்தி பலகைக்குள் இறங்கிவிட்டது. இருந்தாலும் வாய் திறக்கவில்லை. கேட்கிறது என்று காட்டிக்கொண்டால் கதை நின்றுவிடுமே. மீன் ஆணத்துக்குப் புளி போதாது என்று தட்டிக்கு அந்தப் பக்கம் கிளிங்கனில் முறைப்பாடு நடந்தால், மறுநாள் புளி சரியாக இருக்கும். "எங்கட உம்மாட கல்பு சுத்தம், நாம மனசில நெனச்சது அவவுக்குத் தெரியும்" என்று லைலா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஒருமுறை மீராசாஹிபு "ஜிமெஜ்" என்றார். நான் போகிறேன் என்று பொருள். எங்கே போகிறார் என்பதற்கு 'சவூதி' என்ற சொல் மொழி மாறாமலே வந்தது. விடிந்ததும் அவருடைய பாஸ்போட்டைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினார்கள். சல்மா உம்மாவும் சேர்ந்து தேடினார், மற்றவர்களை விட மும்முரமாக. கடைசியில் மீராசாஹிபு தன் வேனுக்குள் புதுக் கதை தொடங்கினார்: பாஸ்போட்டை ஜின் கொண்டுபோய்விட்டது. ஊர் சிரித்தது. புழுகன் என்கிற பெயருக்கு இன்னொரு ஆணி இறங்கியது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு றம்ஸியாவுக்குச் சம்மாந்துறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை றாஸிக், கணித ஆசிரியர். றம்ஸியா பயிற்சிக் காலத்திலேயே அவரை அறிந்தவள், அவரைத் தவிர வேறு ஒருவரையும் பார்க்க மாட்டேன் என்று உம்மாவிடம் நேரே சொன்னவள். மாப்பிள்ளையின் வாப்பா ஸலாஹுதீன் ஹாஜியார் நெல் ஆலை வைத்திருந்தார். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், சொன்ன சொல்லை மாற்றாதவர், அடுத்தவர் சொல்லையும் தராசில் வைத்துப் பார்ப்பவர். சம்பந்தம் பேச வந்த வழியில் அவர் ஏறியது மீராசாஹிபுவின் வேன். மீராசாஹிபுவும் மரியாதைக்காகத் தன்னிடம் உள்ளதிலேயே சிறந்ததை எடுத்து விரித்தார்: ஒட்டகம், வல்லூறு, ஜின், அதற்கு மேல் வானத்து வீரர்களின் மொழி.

இறங்கும்போது ஹாஜியார் சொன்னார்: "தம்பி, ஆம்புள இல்லாத வீடு. பொண்ணுக்காக வாக்குக் குடுக்கிற ஆள் நீங்கதான். நெற்றியில வரப்பு வச்ச மனுசர்ட பாச கதைக்கிற ஆளுட வாக்க நான் எப்படி எடுக்கிற?"

"ஹாஜியார், மத்தக் கதையெல்லாம் கொஞ்சம் அப்படி இப்படி. மொழி மட்டும் உண்ம."

"அப்ப காட்டுங்க. காட்டினா நாள் வைப்பம். இல்லாட்டி வேற இடம் பாப்பம்."

வீட்டுக்குள் றம்ஸியா அடுப்படியில் நின்று உம்மாவைப் பார்த்தாள். "புழுகன் எண்டு பேர் வச்சது நீங்கதானே உம்மா? இப்ப அந்தப் பேர் என்ட கலியாணத்தத் திண்ணுது."

காட்டுவதற்கு லைலா போதாது, வெளியாள் ஒருவர் வேண்டுமே! அந்த ஆளை ஓர் ஆடு கொண்டுவந்து சேர்த்தது. நிவாரண வேலைக்காகக் கல்முனையில் தங்கியிருந்த ஹென்ரிக் என்ற ஒல்லாந்து டொக்டர் மீராசாஹிபுவின் வேனை வாடகைக்கு அமர்த்தியிருந்தார். பெரியநீலாவணை தாண்டும்போது ஓர் ஆடு நடுவீதியில் படுத்திருந்தது. மீராசாஹிபு தலையை வெளியே நீட்டி "யிமெஜ்!" என்று கத்தினார். போ என்று பொருள். அதன் பின்னால் மந்தையே வந்து நின்றது. பன்மைக்குரியபடி "பெமெஜ்!" என்று மாற்றிக் கத்தினார். ஆடுகள் விலகின. பின் ஆசனத்தில் இருந்த டொக்டர் எழும்பிய வேகத்தில் தலை கூரையில் இடித்தது. அவருக்கும் அதே பைத்தியம். வேன் கல்முனைக்குப் போக வேண்டியது, இருவரும் கதைத்த கதையில் சாய்ந்தமருதையும் தாண்டிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சல்மா உம்மாவின் மண்டபத்தில் கூடினார்கள். ஹாஜியார், டொக்டர், மீராசாஹிபு. திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள். முதலில் டொக்டரும் மீராசாஹிபுவும் ஒருவர்மேல் ஒருவர் உறுமிக்கொண்டார்கள். ஹாஜியார் தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு கிடா முட்டுப்பட்ட மாதிரித்தான் இரிக்கி. இது பாசயெண்டு நான் எப்படி நம்புற? முன்னமே பேசி வச்ச நாடகமாயும் இரிக்கலாம். நான் ஒண்டு செய்றன். டொக்டர்ட காதுக்குள்ள ஒரு வேல சொல்றன். அவர் அத இந்தப் பாசயில உங்களுக்குச் சொல்லட்டும். நீங்க அதச் செய்யணும். வாய் திறக்கப்படாது. உங்கட வாய் எனக்குத் தெரியும்."

"ஓம் ஹாஜியார்."

"இன்னொண்டு. உங்கட பொஞ்சாதிக்கும் இந்தப் பாச தெரியுமெண்டு சொன்னீங்க. அவ உள்ளுக்க நிண்டா கண்ணால சொல்லிப் போடுவா. அடுத்த வீட்டுக்குப் போய் இரிக்கச் சொல்லுங்க."

லைலா முகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். உள்ளே சல்மா உம்மாவும் றம்ஸியாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஹாஜியார் கவனமாக யோசித்தார். இரு, எழும்பு, கதவைத் திற என்றெல்லாம் சொன்னால் குருட்டு வாக்கில் ஊகித்துச் செய்துவிடலாம். ஊகத்தால் ஒருவனும் செய்யாத ஒரு வேலை வேண்டும். தாடியைத் தடவி, டொக்டரின் காதுக்குள் ஆங்கிலத்தில் சொன்னார். டொக்டர் தலையாட்டி, மீராசாஹிபுவைப் பார்த்து, அதைக் கிளிங்கனில் திருத்தமாகச் சொன்னார்: உள்ளே போய் உங்கள் மாமியின் கையால் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.

ஊகத்தால் ஒருவனும் செய்ய மாட்டான் என்பது சரி. விளங்கினாலும் இந்த வீட்டு மருமகன் செய்ய மாட்டான் என்பது அந்தக் கெட்டிக்கார ஹாஜியாருக்குத் தெரியாது.

மீராசாஹிபுவின் முகம் நெல் அவித்த பானைபோல வியர்த்தது. திரைச்சீலையைப் பார்த்தார். பார்த்த கண்ணை உடனே இழுத்துக்கொண்டார். ஓர் அடி வைத்தார், வைத்த அடியைத் திரும்ப எடுத்தார். வாய் திறந்தால் தோல்வி. உள்ளே போனால் குடும்ப வழக்கம் உடையும், அதற்குப் பிறகு இந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது? மரம்போல நின்றார்.

"விளங்கல்ல போல" என்றார் ஹாஜியார், கவலையோடுதான். பொழுது போவதற்காக வந்தவரல்ல அவர். மகனுக்கு இந்தப் பெண்ணில் எவ்வளவு பிரியம் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல். குடையைக் கையில் எடுத்தார். "சரி தம்பி. ஆர்மேலயும் கோவமில்ல. நாங்க வாறம்."

திரைச்சீலைக்குப் பின்னால் றம்ஸியா உம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள். அழவில்லை. பிடி மட்டும் இறுகியது. டொக்டர் சொன்னது சல்மா உம்மாவுக்குச் சொல்லுக்குச் சொல் விளங்கியிருந்தது. இப்போது வாயைத் திறந்தால், இத்தனை வருடம் மகளும் மருமகனும் தனியாகப் பேசியதாக நினைத்ததெல்லாம் தன் காதுக்குள் விழுந்தது வெளியே வரும். புளி வரும், பாஸ்போட் வரும். தட்டிக்கு அந்தப் பக்கத்துக் கதை அன்றோடு நின்றும் போகும். அதற்கும் மேலே மருமகனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

வழக்கத்தைப் பற்றி அவர் ஒரு நொடிதான் யோசித்தார். மருமகனோடு தமிழில் கதைக்கக்கூடாது என்று மூத்தவர்கள் சொன்னார்கள். கிளிங்கனில் கதைக்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே?

முக்காட்டைச் சரிசெய்தார். பித்தளைக் கோப்பையில் தண்ணீர் வார்த்தார். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்து, மருமகனுக்கு முன்னால் நின்று, கோப்பையை நீட்டினார்.

"ஜியஜ்" என்றார். எனக்கு விளங்கும்.

'யஜ்பெ' என்று தன்னைப் பற்றி வருடக்கணக்காகக் கேட்ட அதே சொல்லை எடுத்து, வாலை வெட்டி, முன்னால் தன்னையே ஒட்டிவைத்துச் சொன்னார். தொண்டையில் ஒரு தடங்கலில்லை. டொக்டரின் கையிலிருந்த தேநீர் மடியில் ஊற்றுப்பட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஹாஜியார் குடையோடு அப்படியே இருந்துவிட்டார். காதுக்குள் சொன்னது. சொன்னவர் தான், கேட்டவர் டொக்டர். தண்ணீரோ திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, சொன்னபடியே, சொன்ன கையாலேயே வந்து நிற்கிறது. அதுவும் மருமகனுக்குப் புழுகன் என்று பேர் வைத்த அதே மனுசியின் கை.

மீராசாஹிபு கோப்பையை வாங்கினார். ஒரே மடக்கில் குடித்தார். குடித்தபின்தான் உறைத்தது.

"அல்லாஹ்வே" என்றார் மெதுவாக. "எல்லாமா?"

சல்மா உம்மா மருமகனுக்கு முதுகு காட்டித் திரைச்சீலைக்குப் பின்னால் போய், வழக்கம்போல மகளிடம் தமிழில் சொன்னார்: "மகள் றம்ஸியா, அவரிட்டச் சொல்லு. அரிசிப் பானைக்க ஜின் ஒண்டும் இல்லயாம். ஆனா பாஸ்போட் இரிக்காம்."

ஹாஜியார் சிரித்த சிரிப்புக்குக் கூரையிலிருந்து ஒரு காகம் எழும்பிப் பறந்தது. சிரித்து முடிய வெகுநேரமாயிற்று.

"தம்பி, உங்கட ஜின்ன நான் இன்னும் நம்பல்ல. ஒட்டகத்தயும் நம்பல்ல. பாசய நம்புறன், உங்கட வாக்கயும் எடுக்கிறன்." குடையை மூலையில் சாத்திவிட்டு உள்பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சல்மா உம்மா, நாள் வைங்க. ஆனா ஒண்டு, எங்கட மகன் இந்த வீட்டுக்கு வந்தா, அவன் கனவில கதைக்கிறதயும் நீங்க கேட்டுப் போடுவீங்க போல."

"குறட்ட விடாட்டிக் கேக்கும்" என்றது திரைச்சீலை.

கலியாணம் அறுவடை முடிந்ததும் நடந்தது. டொக்டர் ஊர் போகும்போது, மரியாதை ஒட்டை இவ்வளவு இயல்பாகச் சேர்த்துப் பேசுகிற வீட்டை உலகத்தில் வேறெங்கும் காணவில்லை என்று சொல்லிப் போனார். அவர் உலகம் முழுவதும் போய்ப் பார்த்தவரா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையுமில்லை. மீராசாஹிபுவும் லைலாவும் இரகசியம் பேசக் கடற்கரைக்கு நடந்து போகத் தொடங்கினார்கள். அலைச்சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று நினைத்தார்கள். நண்டின் கால் சத்தம் கேட்கிற காதைப் பற்றி அவர்கள் மறந்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் ஒன்று மாறியது. சாப்பாட்டுக்கு இப்போது போக்குவரத்துக் கிடையாது. சல்மா உம்மா சோற்றுச் சட்டியோடு வந்து, முக்காட்டின் விளிம்பைப் பல்லால் பிடித்தபடி, மருமகனைப் பார்த்து நேரே கேட்பார்:

"பிஷோப்நெஷ்ஆ?"

மீராசாஹிபு வயிற்றைத் தடவிக்கொண்டு, முடிந்த செயலுக்கு உரிய ஒட்டையும் தவறாமல் சேர்த்து, "ஜிஷோப்தா" என்பார். சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

அந்த மொழியில் தனக்குத் தெரியாத வினைச்சொல் இல்லாத சல்மா உம்மா, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "ஜியஜ்பெ" என்பார். எனக்கு விளங்கவில்லை. சொல்லிக்கொண்டே இன்னோர் அகப்பைச் சோற்றை அவருடைய தட்டில் வைத்துவிடுவார்.